ஒகடேன் 1977: யார் யாரைக் கைவிட்டார்கள்?

கேள்வி இது: 1977-ல் சோவியத் யூனியன் தன் நெருங்கிய நண்பனான சோமாலியாவை விட்டுவிட்டு, அதுவரை அமெரிக்காவின் ஆளாக இருந்த எத்தியோப்பியா பக்கம் ஏன் சாய்ந்தது? அமெரிக்கா ஏன் பிறகு சோமாலியா பக்கம் போனது? இரண்டு வல்லரசுகளும் பேசிவைத்துக்கொண்டு ஆள் மாற்றிக்கொண்டார்களா?

பேசிவைத்துக்கொள்ளவெல்லாம் இல்லை. மாஸ்கோவுக்கு இரண்டு பேருமே வேண்டியிருந்தது. வாஷிங்டனுக்கு இரண்டு பேருமே தலைவலி. இந்தக் கதையைச் சதுரங்க ஆட்டமாகச் சொல்வது வழக்கம். என் பார்வையில், ஆட்டக்காரர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே காய்கள் தாமாக நகர்ந்துவிட்ட ஆட்டம் இது. அது புரிய வேண்டுமானால் மாஸ்கோவிலிருந்தோ வாஷிங்டனிலிருந்தோ தொடங்கக் கூடாது. புல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

சோமாலியாவின் வடக்கில் உள்ள ஹர்கெய்சா நகருக்குத் தெற்கே, எத்தியோப்பிய எல்லைக்குள் நீளும் சமவெளிக்கு ஹவுத் என்று பெயர். அங்கே வற்றாத கிணறு கிடையாது. மழை பெய்தால் நல்ல புல் முளைக்கும். வடக்கே இருக்கும் சோமாலிகள் ஒட்டகங்களையும் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு அங்கே போவார்கள். குட்டைகள் வற்றியதும் வடக்கே தங்கள் கிணறுகளுக்குத் திரும்பி வருவார்கள். ஆண்டுதோறும் இப்படித்தான். இந்தப் போக்குவரத்தின் குறுக்கே 1897-ல் பிரிட்டனும் எத்தியோப்பியப் பேரரசர் மெனெலிக்கும் ஒரு கோடு போட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இத்தாலியரை விரட்டிய பிரிட்டன், எத்தியோப்பியாவின் கிழக்கில் சோமாலிகள் வாழும் ஒகடேனையும் ஹவுத்தையும் சில ஆண்டுகள் தன் நிர்வாகத்தில் வைத்திருந்தது. அப்புறம் 1948-ல் ஒகடேனின் பெரும்பகுதியையும், 1954-ல் ஹவுத்தையும் எத்தியோப்பியாவிடம் ஒப்படைத்தது. மேய்ப்பவர்களை யாரும் கேட்கவில்லை. 1960-ல் சோமாலியா விடுதலை பெற்றபோது அதன் கொடியில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று இருந்தது. இரண்டு முனைகள் அந்த ஆண்டு ஒன்றுசேர்ந்த பிரிட்டிஷ், இத்தாலிய சோமாலிலாந்துகளுக்கு. மீதி மூன்று, ஒகடேன், பிரெஞ்சுக்காரர் வசமிருந்த ஜிபூட்டி, கென்யாவின் வடகிழக்கு. அண்டை வீட்டுக்காரரின் தோட்டத்தையும் சேர்த்துக் கொடியில் வரைந்துகொண்ட நாடு என்று அக்கம்பக்கத்தில் பார்த்தார்கள். பயந்துபோன கென்யாவும் எத்தியோப்பியாவும் பின்னர் தங்களுக்குள் ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன.

1964-ல் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, காலனிக்காரன் போட்ட எல்லைகளை அப்படியே ஏற்போம் என்று தீர்மானம் போட்டது. நியாயமான எல்லைகள் என்று யாரும் நினைக்கவில்லை. ஒன்றில் கைவைத்தால் எல்லாம் அவிழ்ந்துவிடும் என்ற பயம்தான். சோமாலியா இதை ஏற்கவில்லை. இந்தத் தீர்மானத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டாங்கிகளையும் விமானங்களையும் விட, கடைசியில் முடிவைத் தீர்மானித்ததில் இதற்குப் பங்கு அதிகம் என்பது என் கருத்து.

சரி, சோவியத் எப்படி உள்ளே வந்தது? சோமாலியாவுக்குப் பெரிய படை வேண்டும். மேற்கு நாடுகள் சின்னப் படைக்கு மட்டுமே பணம் தர முன்வந்தன. எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி அவர்களுடைய நண்பர் அல்லவா? 1963-ல் மாஸ்கோ அவர்களைவிட அதிகமாகக் கொடுக்க முன்வந்தது. 1969 அக்டோபரில் தளபதி சியாத் பர்ரே ஆட்சியைப் பிடித்து, அடுத்த ஆண்டே தன் நாடு 'விஞ்ஞான சோஷலிச' நாடு என்று அறிவித்தார். எகிப்தில் அன்வர் சதாத் 1972-ல் சோவியத் ஆலோசகர்களை வெளியே அனுப்பிய பிறகு, செங்கடல் வாசலில் மாஸ்கோவுக்கு ஓர் இடம் அவசரமாகத் தேவைப்பட்டது. ஏடன் வளைகுடாவில் இருக்கும் பெர்பெரா துறைமுகம் கிடைத்தது. 1974 ஜூலையில் சோவியத் தலைவர் பொட்கோர்னி நேரில் வந்து நட்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து போட்டார். சஹாராவுக்குத் தெற்கே எந்த நாட்டோடும் மாஸ்கோ அதற்கு முன் அப்படி ஓர் ஒப்பந்தம் செய்ததில்லை. பெர்பெராவில் நீளமான ஓடுபாதை, ஏவுகணைக் கிடங்கு, தகவல் தொடர்பு நிலையம் எல்லாம் எழுந்தன. 1975-ல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஷ்லெசிங்கர் வான்படங்களைக் காட்டி செனட்டில் எச்சரித்தார். அப்படி எதுவுமே இல்லை, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று சோமாலியா அழைத்தது. போய்ப் பார்த்தவர்கள் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

எத்தியோப்பியா இதற்கு நேர் எதிர். 1953-லிருந்து அமெரிக்காவுடன் ராணுவ ஒப்பந்தம். அஸ்மாராவில் காக்னியூ என்ற ஒட்டுக்கேட்பு நிலையம். சஹாராவுக்குத் தெற்கே அமெரிக்கா கொடுத்த ராணுவ உதவியில் பாதிக்கு மேல் இந்த ஒரே நாட்டுக்குப் போனது. ஆனால் செயற்கைக்கோள்கள் வந்து, இந்தியப் பெருங்கடலில் டியேகோ கார்சியா தளமும் எழுந்த பிறகு காக்னியூவின் மதிப்பு இறங்கிவிட்டது. 1974 செப்டம்பரில் ஹைலே செலாசியை 'தெர்க்' என்ற ராணுவக் குழு கவிழ்த்தது. 1977 பிப்ரவரி 3 அன்று குழுவுக்குள்ளேயே நடந்த துப்பாக்கிச் சண்டையில் போட்டியாளர்களைக் கொன்று மெங்கிஸ்து ஹைலே மரியம் தனித்தலைவரானார். அதே மாதம் அமெரிக்க அதிபர் கார்ட்டரின் அரசு மனித உரிமை மீறலைச் சொல்லி எத்தியோப்பியாவுக்கான உதவியைக் குறைத்தது. ஏப்ரலில் மெங்கிஸ்து காக்னியூவை மூடச் சொன்னார். ஆக, அமெரிக்கா எத்தியோப்பியாவை 'இழந்தது' என்பது பாதிதான் உண்மை. வேண்டாதது ஆகிக்கொண்டிருந்த வீட்டின் சாவியை வீட்டுக்காரர் பிடுங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

இங்கேதான் மாஸ்கோவுக்குச் சபலம் தட்டியது. சோமாலியாவில் முப்பது, நாற்பது லட்சம் பேர். எத்தியோப்பியாவில் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் தலைமையகமே எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில்தான். அங்கே நடந்ததோ நிலவுடைமையைத் தூக்கியெறிந்த புரட்சி. ரஷ்யப் புரட்சியின் சாயல் தெரிகிறது என்று மாஸ்கோவில் சிலர் மனதார நம்பினார்கள். 1976 டிசம்பரிலேயே எத்தியோப்பியாவோடு ரகசியமாக ஓர் ஆயுத ஒப்பந்தம் ஆகிவிட்டது. சோமாலியாவை விடும் எண்ணமும் இல்லை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

இரண்டையும் காப்பாற்ற கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோ ஒரு வழி சொன்னார். 1977 மார்ச்சில் தெற்கு யேமனின் ஏடனில் சியாத் பர்ரேயையும் மெங்கிஸ்துவையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். எத்தியோப்பியா, சோமாலியா, தெற்கு யேமன், விடுதலை பெறப்போகும் ஜிபூட்டி எல்லாம் சேர்ந்து ஒரு சோஷலிசக் கூட்டாட்சி அமைத்துக்கொண்டால் எல்லைப் பிரச்சினையே இருக்காது என்பது அவர் யோசனை. தாளில் அழகாகத்தான் இருந்தது. சியாத் பர்ரே, முதலில் ஒகடேனைக் கொடுங்கள், அப்புறம் கூட்டாட்சியைப் பேசலாம் என்ற நிலையிலிருந்து இறங்கவில்லை. சில நாள் கழித்து கிழக்கு பெர்லினில் கிழக்கு ஜெர்மனித் தலைவர் ஹோனெக்கரிடம் காஸ்ட்ரோ சியாத் பர்ரேயைப் பற்றிக் கடுமையாகப் பேசியிருக்கிறார். இவர் முதலில் ஓர் இனவெறியர், சோஷலிசம் மேல்பூச்சு என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். மெங்கிஸ்துவை உண்மையான புரட்சிக்காரர் என்று புகழ்ந்தார். அந்த ஆண்டு அடிஸ் அபாபாவில் 'செம்பயங்கரம்' என்ற பெயரில் மெங்கிஸ்து செய்த கொலைகளை நினைத்தால், காஸ்ட்ரோவின் ஆள் பார்க்கும் கண்ணைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை வரவில்லை. அது வேறு விஷயம்.

சியாத் பர்ரேயின் கணக்கையும் பார்க்க வேண்டும். அவர் முட்டாளல்ல. எத்தியோப்பியா உள்ளே சிதறிக்கொண்டிருந்தது. அப்போது எத்தியோப்பியாவின் பகுதியாக இருந்த எரித்ரியாவில் விடுதலைப் படைகள் நகரம் நகரமாகப் பிடித்துக்கொண்டிருந்தன. அமெரிக்க உதவி குறைந்துவிட்டது, சோவியத் உதவி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. இந்த இடைவெளி மூடுவதற்குள் அடித்தால் உண்டு. மறுபக்கம், சோவியத்தை விட்டு வந்தால் பணம் தருகிறோம் என்று சவூதி அரேபியா ஆசை காட்டியது. கார்ட்டர் சோமாலியாவை நண்பனாக்கிக்கொள்ள விரும்புவதாகச் செய்தி வந்தது. 1977 ஜூலையில் தற்காப்பு ஆயுதங்கள் தர 'கொள்கை அளவில்' தயார் என்று அமெரிக்காவும் சொன்னது. கொள்கை அளவில் என்ற இரண்டு சொல்லை சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதே ஜூலையில் சோமாலியப் படை ஒகடேனுக்குள் புகுந்தது. எங்கள் ராணுவம் போகவில்லை, மேற்கு சோமாலி விடுதலை முன்னணிதான் சண்டை போடுகிறது என்று மாதக்கணக்கில் சாதித்தார்கள். விடுதலை முன்னணிக்கு எங்கிருந்து டாங்கிகள் வந்தன என்று எல்லோரும் கேட்டார்கள்.

தரையில் முதல் இரண்டு மாதம் சோமாலியாவுக்குத்தான் வெற்றி. சுமார் 250 சோவியத் டாங்கிகள் அவர்களிடம் இருந்தன. செப்டம்பரில் ஜிஜிகா விழுந்தது. அங்கிருந்து மேட்டு நிலத்துக்கு ஏறும் மார்தா கணவாயும் போனது. ஆனால் ரயில் நகரமான திரே தாவாவும் பழைய மதில் நகரமான ஹராரும் விழவில்லை.

வானத்தில் நடந்தது இதைவிடச் சுவாரஸ்யம். எத்தியோப்பியாவிடம் இருந்தவை அமெரிக்க எஃப்-5 விமானங்கள், எண்ணிக்கையில் கொஞ்சம். ஓட்டியவர்கள் அமெரிக்கப் பயிற்சி பெற்றவர்கள். சோமாலியாவிடம் சோவியத் மிக்-21, மிக்-17. ஒகடேன் வானத்தில் மிக்-21-களை எஃப்-5-கள் திரும்பத் திரும்ப வீழ்த்தின. செப்டம்பருக்குள் சோமாலிய விமானப்படை ஏறக்குறைய வானத்தை விட்டே இறங்கிவிட்டது. இப்போது யார் யார் பக்கம் என்று நிறுத்திப் பாருங்கள். அமெரிக்க விமானத்தில் அமெரிக்கப் பயிற்சியோடு பறந்தவர் மாஸ்கோவின் புது நண்பர். சோவியத் விமானத்தில் சோவியத் பயிற்சியோடு விழுந்தவர், வாஷிங்டன் வாசலில் நின்று ஆயுதம் கேட்டுக்கொண்டிருந்தவர். நண்பனை ஒரே வாரத்தில் மாற்றிவிடலாம். விமானத்தையும், அதற்கான உதிரிபாகத்தையும், அதை ஓட்டத் தெரிந்த ஆளையும் மாற்ற ஆண்டுகள் ஆகும். கூட்டணிகளைப் பற்றிப் பேசும்போது நாம் அடிக்கடி மறப்பது இதைத்தான்.

ஆகஸ்ட் கடைசியில் சியாத் பர்ரே மாஸ்கோ போனார். சோவியத் கட்சித் தலைவர் பிரெஷ்னேவ் அவரைச் சந்திக்கவில்லை. அக்டோபர் 19 அன்று, சோமாலியாவுக்கு ஆயுதம் அனுப்புவதை நிறுத்திவிட்டோம் என்று அடிஸ் அபாபாவில் இருந்த சோவியத் தூதர் வெளிப்படையாகவே சொன்னார். அதற்கு முந்தைய நாள்தான் மொகதிஷு விமான நிலையத்தில் வேறொரு நாடகம் முடிந்திருந்தது. கடத்தப்பட்டு அங்கே இறங்கிய லுஃப்தான்சா விமானத்தை மேற்கு ஜெர்மன் அதிரடிப்படை மீட்டது, சோமாலியாவின் அனுமதியோடு. மேற்கு நாடுகளுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் கை நீட்ட முடியாது. நவம்பர் 13 அன்று சியாத் பர்ரே நட்பு ஒப்பந்தத்தை ரத்து செய்தார். சோவியத் ஆலோசகர்கள் ஒரு வாரத்தில் வெளியேற வேண்டும், கியூபாவோடு உறவே கிடையாது என்றார். பெர்பெராவில் தாங்கள் நிறுத்தியிருந்த மிதக்கும் கப்பல் பழுதுபார்ப்பு மேடையைச் சோவியத்துக்காரர்கள் கடலில் இழுத்துக்கொண்டு ஏடனுக்குப் போனார்கள். ஓடுபாதையைச் சுருட்டிக்கொண்டு போக முடியாதே, அது அங்கேயே கிடந்தது.

ஆகவே 'சோவியத் கைவிட்டது' என்ற கேள்வியின் தொடக்கத்தையே நான் கொஞ்சம் திருத்துவேன். தேதி வரிசையில் பார்த்தால் கதவைச் சாத்தியது மொகதிஷு. வெளியே காத்திருந்த அமெரிக்கா உள்ளே வரும் என்ற நம்பிக்கையில் சாத்தினார்கள். அமெரிக்கா வரவில்லை.

ஏன் வரவில்லை? அந்தக் கெய்ரோ தீர்மானத்துக்குத் திரும்பி வருகிறோம். படையெடுத்தது சோமாலியா. ஆப்பிரிக்காவில் அநேகமாக எல்லா அரசுக்கும் சொந்த எல்லைக்குள் ஓர் ஒகடேன் உண்டு. அதனால் மெங்கிஸ்துவைப் பிடிக்காதவர்கள்கூட அவருடைய எல்லையை ஆதரித்தார்கள். கென்யா அமெரிக்காவின் பழைய நண்பன், கம்யூனிசம் என்றால் ஆகாது, ஆனாலும் எத்தியோப்பியா பக்கம்தான் நின்றது. சோமாலியாவுக்கு அமெரிக்கா ஒரு துப்பாக்கி கொடுத்தாலும் நைரோபி முகம் சுளிக்கும், மொத்த ஆப்பிரிக்காவும் சுளிக்கும். வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸ் இதைத்தான் வாதாடினார். பாதுகாப்பு ஆலோசகர் பிரெசின்ஸ்கி, பக்கத்துக் கடலில் ஒரு விமானந்தாங்கிக் கப்பலையாவது நிறுத்துவோம் என்றார். வான்ஸ் பக்கம்தான் வென்றது. அணு ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் 'ஒகடேன் மணலில் புதைந்து கிடக்கிறது' என்று பிரெசின்ஸ்கி பின்னால் எழுதினார். எனக்கு அது சற்று மிகையாகவே படுகிறது.

மாஸ்கோவுக்கு அந்தத் தடை எதுவும் இல்லை. எல்லையைக் காக்கும் நாட்டுக்கு, அந்த நாட்டு அரசே அழைத்து, உதவிக்குப் போகிறோம் என்று சட்டப்படி நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல முடிந்தது. நவம்பர் கடைசியிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் ஆயுதங்கள் குவிந்தன. மொத்த மதிப்பு சுமார் 100 கோடி டாலர் என்பார்கள். ஆயிரத்துக்கு மேல் சோவியத் ஆலோசகர்கள், தலைமையில் தளபதி வாசிலி பெத்ரோவ். கியூபப் படையினர் ஏறக்குறைய 15,000 பேர், தளபதி அர்னால்டோ ஒச்சோவா. சோமாலியப் படையை ஆண்டுக்கணக்கில் வளர்த்தவர்களே இப்போது எதிரில் உட்கார்ந்து அதை எப்படி உடைப்பது என்று வரைபடம் போட்டார்கள். 1978 பிப்ரவரியில் எதிர்த்தாக்குதல் தொடங்கியது. கணவாயில் சோமாலியர்கள் காத்திருக்க, மலையைச் சுற்றி ஒரு படை வந்தது. பெரிய ஹெலிகாப்டர்கள் கவச வண்டிகளை மலைக்கு அந்தப் பக்கம் இறக்கின. மார்ச் 5 அன்று ஜிஜிகா மீண்டது. மார்ச் 9 அன்று சியாத் பர்ரே படையைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார். எத்தியோப்பியர்கள் எல்லையைத் தாண்டி வரமாட்டார்கள் என்று உறுதி வாங்கியது மட்டுமே அமெரிக்காவின் பங்கு. அது சிறிய விஷயமல்ல. அந்த உறுதி இல்லாமல் போயிருந்தால் ஹர்கெய்சாவரைகூட வந்திருக்கலாம்.

யார் யாரோடு நின்றார்கள் என்ற பட்டியலைப் பார்த்தால் கொள்கை கோட்பாடு எல்லாம் எவ்வளவு தூரம் என்பது விளங்கும். மெங்கிஸ்துவுக்குப் பின்னால் சோவியத், கியூபா, தெற்கு யேமன், லிபியா. கூடவே இஸ்ரேல்! செங்கடல் முழுவதும் அரபுக் கரையாகிவிடக் கூடாது என்பது இஸ்ரேலின் கவலை. 1978 பிப்ரவரியில் இஸ்ரேலிய வெளியுறவு அமைச்சர் மோஷே தயான் இந்த உதவியை வாய்விட்டுச் சொல்லப்போக, மெங்கிஸ்து சங்கடப்பட்டு உறவை முறித்துக்கொண்டார். சோமாலியாவுக்குப் பின்னால் சவூதி, எகிப்து, ஷா ஆண்ட ஈரான். இதில் மிகவும் பாவப்பட்டவர்கள் எரித்ரியர்கள். அவர்களில் சிலருக்குக் கியூபாவே முன்பு பயிற்சி கொடுத்திருந்தது. அவர்களும் மார்க்சியர்கள். ஒகடேன் முடிந்ததும் அதே சோவியத் பீரங்கிகள் வடக்கே அவர்கள் பக்கம் திரும்பின. எரித்ரியப் போரில் நேரடியாக இறங்கக் கியூபா மறுத்துவிட்டது. அந்தக் கூச்சமாவது அவர்களுக்கு இருந்தது.

அமெரிக்கா கடைசியில் சோமாலியாவுக்கு வந்தது, ஒகடேனுக்காக அல்ல. ஈரானில் ஷா விழுந்து, ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்த பிறகு, பாரசீக வளைகுடாவுக்குப் பக்கத்தில் இறங்குமிடம் தேடினார்கள். 1980 ஆகஸ்டில் பெர்பெராவைப் பயன்படுத்த ஒப்பந்தம் ஆனது. சியாத் பர்ரே மனதில் இருந்தது நூறு கோடிக் கணக்கு, கையில் வந்தது சில கோடிகள்தான். ஒகடேனில் மறுபடி கைவைக்கக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. சோவியத்துக்காரர்கள் போட்ட ஓடுபாதையில் அமெரிக்கர்கள் இறங்கினார்கள்.

அப்புறம் பத்தாண்டு இரண்டு ஆட்சியாளர்களும் ஒருவர் நாட்டுக் கிளர்ச்சியாளர்களுக்கு மற்றவர் சோறு போட்டார்கள். 1988 ஏப்ரலில் இருவரும் களைத்துப்போய் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: உன் ஆட்களை நான் விட்டுவிடுகிறேன், என் ஆட்களை நீ விட்டுவிடு. பத்தாண்டுக்கு மேல் சிறையில் கிடந்த போர்க்கைதிகள் அப்போதுதான் வீடு திரும்பினார்கள். எத்தியோப்பியாவில் தங்கி சியாத் பர்ரேயை எதிர்த்த சோமாலி தேசிய இயக்கத்துக்கு இனி இடமில்லை என்றானது. அவர்கள் அடுத்த மாதமே எல்லை தாண்டி ஹர்கெய்சாவுக்குள் புகுந்தார்கள். சியாத் பர்ரேயின் விமானங்கள் அந்த நகரத்தை, தன் நாட்டு நகரத்தையே, குண்டுபோட்டுத் தரைமட்டமாக்கின. தப்பியவர்கள் எங்கே ஓடினார்கள் தெரியுமா? ஹவுத் வழியாக எத்தியோப்பியாவுக்கு. புல்லுக்காக அவர்களுடைய பாட்டன்கள் நடந்த அதே வழி. சியாத் பர்ரே 1991 ஜனவரியில் மொகதிஷுவை விட்டு ஓடினார், மெங்கிஸ்து மே மாதம் ஜிம்பாப்வேக்கு. இடையில் மே 18 அன்று வடக்கு, சோமாலிலாந்து என்று தனியாகப் பிரிந்துகொண்டது. அது கேட்ட எல்லை எது என்று நினைக்கிறீர்கள்? பழைய பிரிட்டிஷ் காலனி எல்லை.

இன்றைய நிலையை இதோடு ஒப்பிட்டு அடுத்த கேள்வி வரும், அதனால் சுருக்கமாக: 1993-ல் எரித்ரியா பிரிந்ததால் எத்தியோப்பியாவுக்குக் கடலே இல்லை. 2024 ஜனவரி 1 அன்று கடல் வழிக்காகச் சோமாலிலாந்தோடு ஓர் உடன்பாடு செய்தது. சோமாலியா கொதித்தது. நைல் அணை விவகாரத்தில் எத்தியோப்பியாவோடு முறைத்துக்கொண்டிருந்த எகிப்து அதே ஆண்டு ஆகஸ்டில் சோமாலியாவோடு ராணுவ ஒப்பந்தம் போட்டது. மொகதிஷுவில் பெரிய பயிற்சித் தளம் வைத்திருக்கும் துருக்கி, டிசம்பரில் இரு தரப்பையும் அங்காராவுக்கு அழைத்துச் சமாதானம் பேசியது. பெர்பெரா துறைமுகத்தை இப்போது நடத்துவது துபாயின் டிபி வேர்ல்டு. மாஸ்கோவும் வாஷிங்டனும் இருந்த நாற்காலிகளில் இப்போது அங்காரா, கெய்ரோ, அபுதாபி.

ஹர்கெய்சா நடுவில் இன்றும் ஒரு மிக்-17 விமானம் மேடைமேல் நிற்கிறது. 1988-ல் நகரத்தைக் குண்டுவீசித் தாக்கியவற்றில் ஒன்று. மாஸ்கோ கொடுத்தது, ஒகடேனுக்காக வாங்கியது.